சவாரோ கள்ளியை எந்தப் பக்கமாக நெய்வது?

வணக்கம். அரிசோனாவின் சொனோரன் பாலைவனச் செடிகளைப் பார்த்துச் சித்திரத் திரைச்சீலை நெய்பவர்களைப் பற்றிச் சென்ற உரையில் பேசினேன். அதைக் கேட்ட நேயர் ஒருவர், "முள் நிறைந்த சவாரோ கள்ளியை மெத்தென்ற கம்பளி நூலில் எப்படிக் காட்டுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி, சில நாட்களாக என்னை விடவே இல்லை.

முள்ளுக்கு, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு இழைகளில் ஓரிரண்டில் மட்டும் வெளிர்நிற நூலைச் சுற்றினால் போதும், புள்ளி புள்ளியாகத் தெரியும். உண்மையில் கடினமானவை அதன் மடிப்புகளே. 12 மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய அந்தக் கள்ளியில் அடி முதல் நுனி வரை ஓடும் மடிப்புகள், மழைநீரை உறிஞ்சியதும் சேலைக் கொசுவம் நெகிழ்வதுபோல விரிகின்றன, வறட்சியில் ஒடுங்குகின்றன. மேட்டில் வெயிலும் பள்ளத்தில் நிழலுமாக நிற்கும் அந்த நெடுங்கோடுகள்தாம் நெசவாளரின் மனத்தை ஈர்க்கின்றன.

வழக்கமாகக் கேட்பவர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்வதுதான்: சித்திரத் திரைச்சீலை என்பது நெய்து முடித்த துணியின்மேல் போடும் பூவேலை அன்று; துணியும் சித்திரமும் சேர்ந்தே வளர்கின்றன. பாவுக்குக் குறுக்கே ஓடும் ஒவ்வொரு நிற ஊடை நூலும் தன் நிறப்பகுதியின் எல்லைவரை சென்று திரும்பிவிடுவதால், இரண்டு நிறங்கள் பாவின் போக்கிலேயே நெடுக அடுத்தடுத்து நின்றால் நடுவில் பிளவு விழும். அதைப் பிறகு தைக்க வேண்டும், அல்லது நெய்யும்போதே இரு நூல்களையும் கோத்துச் செல்ல வேண்டும். நிமிர்ந்து நிற்கும் சவாரோவிலோ மடிப்புக்கு மடிப்பு இந்தத் தொல்லை உண்டு.

ஆகவே கள்ளியைத் தறியில் படுக்கவைத்து நெய்யும் வழி இருக்கிறது. டூசான் நகரில் ஒரு பட்டறையில் அதைக் கண்டேன். மடிப்புகள் ஊடையின் போக்கில் தடையின்றி ஓடின. அறுத்தெடுத்துத் திருப்பி மாட்டியதும் கள்ளி எழுந்து நின்றது. ஐரோப்பாவின் பழைய பெருந்திரைச்சீலைகள் பலவும் இவ்வாறே பக்கவாட்டில் நெய்யப்பட்டவை. மாட்டியபின் துணியின் பாரம் முழுவதையும் ஊடையே தாங்க வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

எனவே, "இந்தச் செடியை எந்தப் பக்கமாக நெய்ய வேண்டும்?" என்று யாராவது கேட்க மாட்டார்களா என்பதே என் ஆசை. அதே பாலைவனத்தின் இன்னொரு செடியான ஒகோடியோவைப் பாருங்கள். அதன் மெல்லிய தண்டுகள் தரையிலிருந்து சாய்வாக விரிகின்றன. சாய்கோடு பாவின்மேல் படிப்படியாக ஏறுவதால் நீண்ட பிளவு விழாது. அதை நிமிர்த்தியே நெய்யலாம். மழை பெய்த சில நாட்களில் அது தளிர்த்துவிடும், ஈரம் வற்றினால் இலையுதிர்த்துவிடும் என்பதால், சாம்பல் நூலா பச்சை நூலா என்பதை மட்டும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.