செக்கு மாடும் சோப்பு நுரையும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எனக்கு எட்டு நிமிடம் கொடுத்தார்கள். அதில் ஒன்றை மைக் சரிசெய்ய வந்த தம்பி எடுத்துக்கொண்டார்.

சதுரங்கத்தில் ஒருவரை உயர்த்துவது பிறவி அறிவா, பயிற்சியா? நான் பயிற்சி அணி. குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார் பாருங்கள், குறிப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். “செக்கு மாடும்தான் தினமும் சுற்றுகிறது. அது செஸ் ஆடுமா?” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். முன்வரிசையில் என் வீட்டுக்காரரும் தட்டினார். அதை நான் வீட்டில் பேசிக்கொள்கிறேன்.

அண்ணே, மாடு சுற்றினால் எண்ணெய் வருகிறது. மதியம் நீங்கள் சாப்பிட்ட அப்பளம் எதில் பொரித்தது? நாலு அப்பளம், நான் எண்ணினேன். ‘நான் பிறவி அறிவாளி’ என்று நிழலில் படுத்திருக்கிற மாடு என்ன தரும்? சாணி தரும். அப்புறம், மாட்டின் கண்ணைக் கட்டிச் சுற்றவிடுவது நாம். செஸ் பழகுகிற பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு சுற்றுகிறது.

என் பெரிய மாமா கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். அவர் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் மிக்சியை நிறுத்திவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரத்துக்குச் சலூன் போனார். அங்கே பெஞ்சில் செஸ் போர்டு. கடைக்கார அண்ணன் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர். கூட்டம் இல்லாத நேரமெல்லாம் வருகிறவர் போகிறவரோடு ஆடுவார், பதினைந்து வருஷமாக. மாமாவுக்கு நுரை போட்டாயிற்று, ஒரு கன்னம் வழித்தாயிற்று. வாய் சும்மா இருக்குமா? “இதெல்லாம் லாஜிக்தானேப்பா. ஒரு கை பார்க்கலாமா?”

இடது கன்னம் பளபள, வலது கன்னம் நுரை. அந்தக் கோலத்தில் உட்கார்ந்தார். பத்தாவது நிமிடம் குதிரை போயிற்று. அரை மணியில் யானை போயிற்று. நுரை காய்ந்து உதிர்கிறது. கன்னத்தில் கை வைத்து யோசிக்கிறார், கை ஒட்டிக்கொள்கிறது. மாமா ஒரு காயை நகர்த்த ஐந்து நிமிடம். அதற்குள் அண்ணன் இன்னொருவருக்குக் கிருதா ஒதுக்கிவிட்டு வந்து, கத்தரிக்கோல் பிடித்த கையாலேயே ஒரு தள்ளு தள்ளிவிட்டு, “செக் சார்” என்பார். மூன்று ஆட்டம். மூன்றிலும் மாமா காலி. மதியச் சாப்பாட்டுக்குக் காணோமே என்று அத்தை சலூன் வாசலுக்கே வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். யாரோ என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார்! நடுவர் அவர்களே, முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனைவி, யாரோ என்று திரும்பிப் போய்விட்டார்!

கடைசியில் மாமா இறங்கி வந்து, “எப்படிப்பா?” என்று கேட்டார். “நீங்க ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறீங்க சார். நான் இதை ஏற்கெனவே பார்த்திருக்கேன்.”

சலூனில் கேட்ட இதையேதான் 1973-ல் சேஸ், சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துச் சொன்னார்கள். நிஜ ஆட்டத்தின் ஒரு நிலையை 5 நொடி காட்டி மறைத்தார்கள். மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கினார். புதியவர் நாலைந்தோடு நின்றார். அதே காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக் காட்டியதும் மாஸ்டரும் என் மாமா மாதிரி விழித்தார். பிறவி ஞாபகசக்தி என்றால் அங்கேயும் வேலை செய்ய வேண்டாமா?

ஹங்கேரியின் லாஸ்லோ போல்கர் மூன்று மகள்களுக்கும் வீட்டிலேயே செஸ் பழக்கினார். கடைக்குட்டி யூதித் 1991-ல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர். மிகச் சிறிய வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் என்ற அமெரிக்காவின் பாபி ஃபிஷரின் சாதனையே போயிற்று. பரம்பரை என்பீர்கள். அப்பா ஆட்டத்தில் சுமார்தான் அண்ணே.

நம் விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக மணிலாவில் இருந்தபோது அங்கே டிவியில் மதியம் செஸ் நிகழ்ச்சி வரும். அந்த நேரம் பிள்ளை பள்ளியில். அம்மா சுசீலா டிவி முன்னால் உட்கார்ந்து புதிர்களை எழுதிவைப்பார். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு புத்தகம். அடிக்கடி ஜெயித்ததில், வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம்.

இதற்கு மேல் எனக்கு வாதம் ஓடவில்லை. சிறுவர் செஸ் போட்டி நடக்கிற இடத்துக்குப் போயிருக்கிறீர்களா? பெற்றோரை ஆட்டம் நடக்கும் அறைக்குள் விடமாட்டார்கள். படிக்கட்டில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருப்போம். பிள்ளை வெளியே வருகிற நடையிலேயே முடிவு தெரிந்துவிடும். போன மாதம் என் மகள் செருப்பைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, தயிர்சாத டப்பாவைத் திறந்தேன். ஒரு வாய் வாங்கினாள். கண்ணில் தண்ணீர், வாயில் சாதம். “அம்மா, போர்டை எடு. எங்கே விட்டேன்னு பார்க்கணும்.”

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அவள் அப்போதுதான் முதல் சிப்பாயை நகர்த்தினாள். வணக்கம்.