சென்சஸ் வேறு, ஓட்டு வேறு: கலிபோர்னியா தமிழர்கள் முன் ஓர் உரை

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

2020 கணக்கெடுப்பில் கலிபோர்னியாவின் மக்கள்தொகை 3,95,38,223. நாட்டிலேயே பெரிய மாநிலம் இது. ஆனாலும் தன் வரலாற்றில் முதல் முறையாக நாடாளுமன்றக் கீழவையில் ஓர் இடத்தை இழந்தது. 53 இடங்கள் 52 ஆயின. மற்ற மாநிலங்கள் நம்மைவிட வேகமாக வளர்ந்தன, அது உண்மைதான். ஆனால் நியூயார்க்கைப் பாருங்கள். கணக்கில் இன்னும் 89 பேர் ஏறியிருந்தால் அந்த மாநிலம் தன் இடத்தைக் காப்பாற்றியிருக்கும். 89 பேர் என்றால் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள், அவ்வளவுதான்.

நம்மவர்களிடம் ஒரு பேச்சு உண்டு: "நாங்க எச்-1பி வேலை விசாவிலதானே இருக்கோம், எங்களுக்கு எதுக்கு சென்சஸ்?" இந்தக் குழப்பம்தான் முதலில் தீர வேண்டும். ஓட்டுப் போடக் குடியுரிமை வேண்டும். கணக்கில் சேர இங்கே வசித்தால் போதும். கிரீன் கார்டு, எச்-1பி, மாணவர் விசா, ஆவணமே இல்லாதவர் என்று எல்லோரும் சேர்த்தி.

கணக்கெடுப்பு ஆண்டின் ஏப்ரல் 1-ஐ ஒட்டி வழக்கமாக எங்கே வசித்து உறங்குகிறீர்களோ, அந்த முகவரியில்தான் உங்கள் பெயர் வரவேண்டும். பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவைச் சேர்க்கக் கூடாது. கிரீன் கார்டில் உங்களோடேயே வாழ்கிறார்கள் என்றால் சேர்த்தே ஆகவேண்டும். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மகளை வீட்டுப் படிவத்தில் எழுதாதீர்கள். விடுதிக் கணக்கு தனியாகப் போகிறது. இரண்டிலும் எழுதினால் ஒருத்தி இரண்டு பேராகிவிடுவாள். மார்ச் கடைசியில் பிறந்து ஏப்ரல் 1 அன்றும் மருத்துவமனையில் இருக்கும் குழந்தை உங்கள் வீட்டுக் கணக்கில் வரும். 2020-இல் நாடு முழுவதும் 5 வயதுக்குட்பட்டோரில் 2.79 சதவீதம் விடுபட்டதாகப் பின்னர் நடந்த சரிபார்ப்பு ஆய்வு சொன்னது.

அதே ஆய்வில் ஹிஸ்பானியர்கள் 4.99 சதவீதமும் கறுப்பினத்தவர் 3.30 சதவீதமும் குறைவாக எண்ணப்பட்டிருந்தார்கள். ஆசியர்களோ 2.62 சதவீதம் கூடுதல்! இதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். ஒரு வீட்டில் பிள்ளை இரண்டு முறை பதிவாகியிருக்கலாம். இன்னொரு வீட்டில் கராஜை அறையாக்கிக் குடியிருப்பவரை எவரும் எழுதாமல் விட்டிருக்கலாம். சராசரி இரண்டையும் மூடிவிடுகிறது. படிவம் நிரப்புபவர் தன் குடும்பத்தை மட்டும் எழுதிவிட்டு வாடகைக்கு இருப்பவரை விட்டுவிடுவது வழக்கமான தவறு.

கொடுத்த விவரம் நமக்கு எதிராகவே திரும்புமோ என்ற அச்சத்தை வீண் என்று தள்ளிவிடாதீர்கள். 1942-இல் போர்க்காலச் சட்டம் சென்சஸின் இரகசியக் காப்பைத் தளர்த்தியது; ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைக்க அந்தப் புள்ளிவிவரங்கள் பயன்பட்டன. இன்றைய சட்டத்தில் தனிநபர் விவரத்தை வெளியிடும் ஊழியருக்கு 5 ஆண்டு சிறை, 2,50,000 டாலர் அபராதம் வரை உண்டு. பயப்படுகிறவரிடம் இரண்டையும் சொல்லுங்கள். பாதியைச் சொன்னால் நம்பமாட்டார்.

2020-இல் இணையப் படிவம் ஆங்கிலம் தவிர 12 மொழிகளில் இருந்தது. அதில் தமிழ் இல்லை. வழிகாட்டிக் கையேடு வந்த 59 மொழிகளில் தமிழ் இருந்தது. ஆகவே 2030-இல் கையேட்டோடு பாட்டியின் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். 2020 கணக்கெடுப்பில் எல்லோரையும் சேர்க்கும் பிரசாரத்துக்கு மாநிலம் 18.72 கோடி டாலர் ஒதுக்கியும், தாமாகப் பதில் தந்த வீடுகள் 69.6 சதவீதம்தான்.

இனி ஓட்டு. குடியுரிமை இல்லாதவர்கள் ஓட்டுநர் உரிமம் தரும் டிஎம்வி அலுவலகத்தில் மிகக் கவனமாக இருங்கள். ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தோடு வாக்காளர் பதிவும் சேர்ந்தே வருகிறது. குடிமகன் என்று தவறாக ஒரு டிக் அடித்தால் கிரீன் கார்டுக்கே ஆபத்து.

வாக்காளராகப் பதிந்த குடிமக்களுக்கு, 2021 சட்டத்தின்படி, ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சீட்டு வீட்டுக்கே வருகிறது. திருப்பி அனுப்ப ஸ்டாம்ப் தேவையில்லை. சீட்டு தள்ளுபடியாகப் பெரிய காரணங்கள் தாமதமும் கையெழுத்தும். உறையில் உள்ள கையெழுத்தைப் பதிவிலுள்ள கையெழுத்தோடு ஒப்பிடுகிறார்கள். உரிமத்தில் தமிழில் போட்டுவிட்டு உறையில் ஆங்கிலத்தில் போட்டால் சிக்கல். கணவன் உறையில் மனைவி கையெழுத்திடக் கூடாது. பொருந்தவில்லை என்று கவுண்டி (மாவட்ட) தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள், அதில் கையெழுத்திட்டு உடனே அனுப்பினால் ஓட்டு எண்ணப்படும். தேர்தல் நாளன்று கடைசித் தபால் எடுத்த பிறகு தபால் பெட்டியில் போட்டால் மறுநாள் முத்திரைதான் விழும், அந்த ஓட்டு சேராது. அன்றைக்கு வாக்குச்சீட்டுக்கென்றே வைத்திருக்கும் டிராப் பாக்ஸைத் தேடிப் போங்கள். இரவு 8 மணி வரை திறந்திருக்கும்.