மார்த்தாளின் டிசம்பர்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இயேசுவின் இனிய நாமத்தில் உங்களை வாழ்த்துகிறேன். இன்று என் மேசைமேல் வேதாகமம் இருக்கிறது, நான்கு மெழுகுவர்த்திகள் இருக்கின்றன, பிறகு இந்த வேலைப் பட்டியல். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். பாடகர் குழு ஒத்திகை. பரிசுப் பொருட்கள். வாழ்த்து அட்டைகள். விருந்தினர் தங்கும் அறை. ஞாயிறு பள்ளி நாடகத்துக்கு ஒரு தேவதூதன் உடை. இதில் எதையும் அடித்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர்மேல் உள்ள அன்பினால் எழுதப்பட்டது.

பண்டிகைக் காலம் வந்தால், "வேலையைக் குறையுங்கள், கர்த்தருடைய பாதத்தில் அமர்ந்திருங்கள்" என்று அறிவுரை சொல்லப் பலர் இருக்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் நெடுநேரம் அமர்ந்து தியானிக்கிறார் என்றால், அவருடைய பங்கையும் சேர்த்து வேறொருவர் செய்துகொண்டிருக்கிறார். அந்த வேறொருவருக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

லூக்கா 10-ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரியும். இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டவள் மார்த்தாள். இதை முதலில் மனதில் வையுங்கள். அவள் வாசலைத் திறந்ததால்தான் அவள் தங்கை மரியாள் அவருடைய பாதத்தருகே உட்கார முடிந்தது. பிறகு மார்த்தாள் வேலையில் வருந்துகிறாள், தங்கை தனக்கு உதவவில்லை என்று முறையிடுகிறாள். "மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்கிறார் இயேசு. அவர் பேர் சொல்லி இரண்டு முறை கூப்பிடுகிறார். அந்த அழைப்பில் எனக்குக் கண்டிப்பைவிடப் பரிவுதான் அதிகம் கேட்கிறது. அவர் சுட்டிக்காட்டியது அவளுடைய கவலையை, கலக்கத்தை. உணவு சமைத்ததை அவர் ஒரு குற்றமாகச் சொல்லவே இல்லை.

பிரசங்கங்களில் மார்த்தாளின் கதை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. யோவான் சுவிசேஷத்தைத் திறந்து பாருங்கள். 11-ஆம் அதிகாரத்தில் தம்பி லாசரு இறந்துபோனபோது, இயேசு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் ஊருக்கு வெளியே எதிர்கொண்டு போனவள் இதே மார்த்தாள். "நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று நான் விசுவாசிக்கிறேன்" என்று சொன்னவள் அவள். இயேசுவே கிறிஸ்து என்று சீஷனாகிய பேதுரு செய்த அறிக்கைக்குக் கொஞ்சமும் குறையாத வார்த்தைகள் இவை. அதையும் துக்க வீட்டிலிருந்து வந்து, கல்லறை இன்னும் மூடியிருக்கும்போதே சொல்கிறாள்.

அடுத்து 12-ஆம் அதிகாரம். யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாளைக்கு முன்பு, மார்த்தாளின் ஊரான பெத்தானியாவில் இயேசுவுக்கு இராவிருந்து. இயேசு உயிரோடு எழுப்பிய லாசரு பந்தியில் அமர்ந்திருக்கிறான். மரியாள் விலையேறப்பெற்ற தைலத்தை அவருடைய பாதங்களில் பூசுகிறாள். மார்த்தாள் என்ன செய்கிறாள்? "மார்த்தாள் பணிவிடை செய்தாள்." அவ்வளவுதான், இரண்டே சொற்களில் அவளுடைய வேலை முடிந்துவிடுகிறது. அதே பெண், அதே பந்தி வேலை. தங்கை இப்போதும் அவர் பாதத்தருகேதான் இருக்கிறாள். முறையீடு மட்டும் காணவில்லை. தைலத்தைப் பற்றிக் குறை சொன்ன குரல் அங்கே யூதாசுடையது.

இந்த வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. வேலையை விட்டுவிட்டதால் அவளுக்கு அமைதி கிடைத்ததாக அங்கே எழுதப்படவில்லை. யாருக்காகப் பரிமாறுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாலு நாள் கல்லறையில் கிடந்த தம்பி எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான். எழுப்பினவர் அவன் பக்கத்தில் இருக்கிறார். அப்படிப்பட்ட பந்தியில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் ஆராதனைதானே!

பவுல் "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பிலிப்பியருக்கு எழுதும்போது கட்டப்பட்டவராக, காவலில் இருந்தார். அடுத்த வசனத்திலேயே காரணத்தையும் சொல்லிவிடுகிறார்: "கர்த்தர் சமீபமாயிருக்கிறார்." சூழ்நிலை நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. இந்த வருடம் உங்கள் வீட்டுப் பந்தியில் ஒரு நாற்காலி காலியாக இருக்கலாம். சிரித்த முகத்தோடு எல்லோரையும் வரவேற்க உங்களால் முடியாமல் போகலாம். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். மார்த்தாளின் வீட்டுத் துக்கத்தில் இயேசுவும் கண்ணீர் விட்டார். அவர் சமீபமாயிருப்பதற்கு உங்கள் முகமலர்ச்சி நிபந்தனை இல்லை.

இப்போது இந்த மெழுகுவர்த்திகள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான்கு. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற போதகரிடமிருந்து இந்த வழக்கம் வந்தது. கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டார்களாம். 1839-இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் வார நாட்களுக்குச் சிறிய மெழுகுவர்த்திகளையும், ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். பிள்ளைகளின் அவசரத்தை அவர் அதட்டி அடக்கவில்லை. கண்ணால் பார்த்து எண்ணிக் காத்திருக்க ஒரு வழி செய்துகொடுத்தார். இதோ, இந்த முதல் மெழுகுவர்த்தியைப் பாருங்கள். மற்றவற்றைவிட மிகவும் குட்டையாகிவிட்டது. முதல் வாரத்திலிருந்து எரிகிறது அல்லவா? திரியைச் சுற்றி மெழுகு வழிந்து தட்டில் உறைந்திருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் கடைப்பிடிக்கிற இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். முதலாவது, வாழ்த்து அட்டையை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன் அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லி, ஒரே ஒரு வாக்கியம் ஜெபிக்கிறேன். "ஆண்டவரே, இவளுடைய முழங்கால் வலியை நினைத்தருளும்." அவ்வளவு போதும். பரிசு கட்டும்போதும் அப்படித்தான். வேலை கொஞ்சமும் தாமதமாவதில்லை. ஆனால் பட்டியலில் இருந்த வரி ஒரு மனிதராக மாறிவிடுகிறது.

இரண்டாவது, லூக்கா சுவிசேஷம். மொத்தம் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஒன்று. படித்து முடியும்வரை கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். முதல் அதிகாரத்தில் 80 வசனங்கள், அதைக் காலை, மாலை என்று பிரித்துக்கொள்ளலாம். இடையில் சேர்கிறவர்கள் அன்றைய தேதிக்குரிய அதிகாரத்திலிருந்தே தொடங்குங்கள். இதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? இயேசுவின் பிறப்பு இரண்டாம் தேதியே வந்துவிடுகிறது. டிசம்பர் 24 அன்று, வீடே பரபரப்பாக இருக்கும் அந்த நாளில், நாம் எம்மாவு ஊருக்குப் போகும் சாலையில் இருப்போம். இரண்டு சீஷர்கள் வழியில் சந்தித்தவரை, உயிர்த்தெழுந்த இயேசு என்று அறியாமலே விருந்தாளியாக வற்புறுத்தி அழைக்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்ததும் அந்த விருந்தாளியே அப்பத்தை எடுத்து, ஆசீர்வதித்து, பிட்டு, அவர்களுக்குக் கொடுக்கிறார். பரிமாறிக் களைத்திருக்கும் எந்த மார்த்தாளுக்கும் இதைவிட நல்ல வாசிப்பு எனக்குத் தெரியவில்லை.

மரியாளைப் போல அமர்ந்திருக்க நேரம் கிடைத்தவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜெபித்து முடித்ததும் எழுந்து சமையலறைக்குப் போங்கள். அங்கே நிற்பவரின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, அவரை உட்காரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, 25-ஆம் தேதியோடு எல்லாம் முடிந்துவிட்டதாக அலங்காரங்களை இறக்கிவிடாதீர்கள். திருச்சபை வழக்கத்தில் கிறிஸ்துமஸ் பன்னிரண்டு நாள் கொண்டாட்டம். ஞானிகள் குழந்தை இயேசுவைப் பணிந்துகொண்டதை நினைவுகூர்ந்து ஜனவரி 6-இல் வரும் பிரசன்னத் திருநாள் வரைக்கும் நேரம் இருக்கிறது. போக முடியாமல் போன வீடுகளுக்கு அப்போது போகலாம். அட்டை தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை.

லூக்காவை என்னோடு சேர்ந்து படிக்க விரும்புகிறவர்கள் கீழே "நானும்" என்று எழுதுங்கள். உங்கள் வீட்டில் அதிகம் உழைப்பவர் யார் என்பதையும் எழுதுங்கள், அம்மாவா, அக்காவா, கணவரா, நீங்களேவா. பேர் வேண்டாம், உறவுமுறை போதும். நாளைக் காலை அதிகாரத்தைத் திறக்கும்முன் அவர்களுக்காக ஜெபிக்கிறேன்.