பெட்டிக்குள் போன மாடு

நேயர்களுக்கு வணக்கம்.

மாட்டிறைச்சி என்று சொன்னாலே நம் பக்கம் பேச்சு எங்கெங்கோ போய்விடும். இன்று அங்கெல்லாம் போகப்போவதில்லை. சாப்பிடுகிறவர்களும் சாப்பிடாதவர்களும் சேர்ந்தே கேட்கலாம். நான் சொல்லப்போவது ஒரு வியாபாரக் கதை. நடந்த இடம் அமெரிக்காவின் நடுப்பகுதி. அயோவா, நெப்ராஸ்கா, கன்சாஸ் என்று கண்ணுக்கெட்டிய தூரம் சோளமும் மாடுமாக இருக்கும் மாநிலங்கள். நிறுவனத்தின் பெயர் ஐ.பி.பி. 1960-ல் அயோவா பீஃப் பேக்கர்ஸ் என்ற பெயரில் கரியர் ஹோல்மன், ஏ.டி. ஆண்டர்சன் என்ற இருவர் தொடங்கியது. இருவருமே மாட்டுத் தொழிலில் ஊறியவர்கள்.

அதுவரை அமெரிக்காவில் இறைச்சி என்றால் சிகாகோதான். 1865-ல் அங்கே பெரிய மாட்டுச் சந்தையைத் திறந்தார்கள். நாலா திசையிலிருந்தும் ரயிலில் மாடு வரும். சந்தையை ஒட்டியே பல மாடிக் கட்டடங்களில் இறைச்சிக்கூடங்கள். வெட்டிய மாட்டின் உடலை இரண்டாகப் பிளந்து, குளிரூட்டிய ரயில் பெட்டியில் கொக்கியில் தொங்கவிட்டுக் கிழக்கே நியூயார்க்குக்கு அனுப்புவார்கள். வேலை கடினமானது, ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சங்கம் வலுவாக இருந்ததால் கூலி நன்றாக இருந்தது. கத்தி பிடிக்கத் தெரிந்தவனுக்கு மரியாதையும் இருந்தது.

ஹோல்மனும் ஆண்டர்சனும் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார்கள். மாட்டை எதற்காக நூற்றுக்கணக்கான மைல் இழுத்துக்கொண்டு போக வேண்டும்? வழியிலேயே அது இளைத்துப்போகிறது, அடிபடுகிறது, சில செத்தும் போகின்றன. மாடு இருக்கும் இடத்துக்கே ஆலையைக் கொண்டு போய்விடலாமே என்று 1961-ல் அயோவாவின் டெனிசன் என்ற சின்ன ஊரில் ஆலையைத் திறந்தார்கள். மாடி கிடையாது, ஒரே தளம். மாட்டின் உடல் சங்கிலியில் தொங்கியபடி நகர்ந்து வரும். ஆள் நின்ற இடத்திலேயே நின்று தன் வெட்டை வெட்டுவான். சந்தைத் தரகர்களுக்கும் வேலை இல்லை. கம்பெனி ஆட்கள் காரில் ரேடியோ தொலைபேசி வைத்துக்கொண்டு நேராகப் பண்ணைக்கே போய் விலை பேசினார்கள். சிகாகோ சந்தை 1971-ல் மூடப்பட்டது. அதை மூடவைத்தது ஐ.பி.பி. மட்டும்தான் என்று சொல்ல முடியாது, லாரியும் நெடுஞ்சாலையும் வந்துவிட்டிருந்தன. ஆனாலும் பெரிய அடி இவர்கள் கொடுத்ததுதான்.

அடுத்து வந்ததுதான் உண்மையான புரட்சி. பார்த்தால் அட்டைப்பெட்டி, அவ்வளவுதான்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சுமார் 500 கிலோ எடையுள்ள மாட்டை வெட்டித் தோலுரித்துக் குடல் எடுத்தால் ஏறக்குறைய 300 கிலோ மிஞ்சும். அதிலும் எலும்பும் வேண்டாத கொழுப்பும் நிறைய. அவற்றையும் சேர்த்தே லாரியில் ஏற்றி நியூயார்க்குக்கு அனுப்பினால், அங்கே கசாப்புக்காரர் வெட்டி, எலும்பைக் குப்பையில் போடுவார். அதாவது எலும்புக்கும் லாரி வாடகை. தொங்கும் உடல்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்துக்கும் வாடகை. 1967 முதல் ஐ.பி.பி. நெப்ராஸ்காவின் டகோடா சிட்டி ஆலையிலேயே உடலைப் பாகம் பாகமாகப் பிரித்து, காற்றை உறிஞ்சி எடுத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியில் அடுக்கி அனுப்பத் தொடங்கியது. உறைக்குள் இருப்பதால் இறைச்சி காய்ந்து எடை குறைவதும் இல்லை. கொழுப்பு, எலும்பு, தோல், ரத்தம் எல்லாம் ஆலையிலேயே நின்றுவிட, ஒவ்வொன்றும் அங்கேயே காசானது.

கடைக்காரருக்கு இதில் என்ன லாபம் என்றால், முன்பு பாதி மாட்டை வாங்கினால் நல்ல பாகமும் விலைபோகாத பாகமும் சேர்ந்தே வரும், எல்லாவற்றையும் அவரே விற்றாக வேண்டும். இப்போது வேண்டிய பாகத்தை மட்டும் இத்தனை பெட்டி என்று கேட்டு வாங்கலாம். தேர்ந்த கசாப்புக்காரர்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளவும் தேவையில்லை.

அந்தக் கசாப்புக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நியூயார்க்கில் அவர்களுடைய சங்கம் பெட்டியை உள்ளே விடவில்லை. அப்போது மோ ஸ்டைன்மன் என்ற, நிழலுலகத் தொடர்புள்ள இறைச்சித் தரகர் நடுவில் வந்தார். கமிஷன் கொடுத்தால் வழி திறக்கும். ஹோல்மன் கொடுத்தார், வழி திறந்தது. 1974-ல் லஞ்சம் கொடுக்கச் சதி செய்ததாக நியூயார்க் நீதிமன்றம் ஹோல்மனையும் கம்பெனியையும் குற்றவாளி என்றது. ஆனால் ஹோல்மன் சிறைக்குப் போகவில்லை. பெட்டி மட்டும் நியூயார்க்கில் நிலையாகத் தங்கிவிட்டது. இதை வெறும் வியாபாரத் திறமை என்று யாராவது பாராட்டினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும்.

இனி ஆலைக்குள் போவோம். முழு மாட்டையும் பிரிக்கத் தெரிந்த ஆளுக்கு அங்கே இடமில்லை. ஒருவர் ஒரே ஒரு வெட்டு. சில நாளில் கற்றுக்கொள்ளலாம், அப்புறம் ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான தடவை அதே வெட்டு. எளிதில் கற்கக்கூடிய வேலை என்றால் ஆளை மாற்றுவதும் எளிது. 1969-ல் டகோடா சிட்டியில் தொடங்கிய வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது, வன்முறையும் நடந்தது, கம்பெனி கருங்காலிகளை வைத்து ஆலையை ஓட்டியது. ஐ.பி.பி. குறைந்த கூலி கொடுப்பதைப் பார்த்த மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அதே வழிக்கு வந்தன. 1980 வாக்கில் மற்ற ஆலைத் தொழில்களைவிட அதிகமாக இருந்த இறைச்சித் தொழிலாளர் கூலி, பத்து ஆண்டுகளில் அவற்றைவிடக் கீழே போய்விட்டது. மலிவான இறைச்சியின் விலையில் எழுதப்படாத பகுதி இது என்பது என் கருத்து.

உடம்பும் தாங்கவில்லை. மணிக்கட்டு நரம்பு மரத்துப்போவது, தோள்பட்டை விட்டுப்போவது எல்லாம் இந்தத் தொழிலின் வழக்கமான வியாதிகளாயின. 1987-ல் தொழிலாளர் பாதுகாப்புத் துறை, டகோடா சிட்டியில் நடந்த காயங்களைக் கணக்கில் காட்டாமல் மறைத்ததாக ஐ.பி.பி.க்கு 25 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. பிறகு பேசித் தீர்த்ததில் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது, அது வேறு கதை. இன்னொரு வழக்கு சுவாரசியமானது. வாஷிங்டன் மாநிலத்தில் பாஸ்கோ என்ற ஊரில் இருந்த ஆலையின் தொழிலாளர்கள் தொடுத்தது. தலைக்கவசம், இரும்பு வலைக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்ட பிறகு, உடை மாற்றும் அறையிலிருந்து வெட்டும் இடத்துக்கு நடக்கும் சில நிமிடங்களுக்கும் கூலி வேண்டும் என்றார்கள். சில நிமிடம்தானே என்று நாம் நினைப்போம். ஆயிரக்கணக்கான ஆள், வருடக்கணக்கான நாள் என்று பெருக்கிப் பார்க்கிற கம்பெனி அப்படி நினைக்கவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005-ல் நீதிபதிகள் அனைவரும் ஒரே குரலில் தொழிலாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

மாடு விற்பவர் நிலை என்ன? 1980-ல் நான்கு பெரிய கம்பெனிகள் சேர்ந்து வெட்டியது, கொழுக்கவைத்த மாடுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. 1990-களின் நடுவில் அது ஐந்தில் நான்கு பங்கானது. முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு மாட்டை உறுதி செய்துகொண்ட கம்பெனிக்கு, இந்த வாரச் சந்தைக்கு அவசரமாக வர வேண்டிய கட்டாயம் இல்லை. வராமல் இருந்தால் விலை தானாக இறங்கும். இப்படித்தான் விலையை அமுக்கினார்கள் என்று மாடு வளர்ப்பவர்கள் 1996-ல் ஐ.பி.பி. மீது வழக்குப் போட்டார்கள். 2004-ல் அலபாமாவில் ஜூரி 128 கோடி டாலர் இழப்பீடு என்றது. ஆனால் அந்த நீதிபதியே அதை ரத்து செய்தார், மேல்முறையீட்டிலும் அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் கம்பெனி கை மாறியிருந்தது. 1981-ல் ஆக்சிடென்டல் என்ற எண்ணெய் நிறுவனம் வாங்கியது. 2001-ல் கோழி வியாபாரத்தில் பெரிய ஆளான டைசன், சுமார் 320 கோடி டாலருக்கு வாங்கியது. விலை பேசி முடித்த பிறகு டைசன் பின்வாங்கப் பார்க்க, டெலவேர் நீதிமன்றம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று உத்தரவிட்ட விசித்திரமும் நடந்தது.

நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு பலம் என்பது 2019 ஆகஸ்டில் தெரிந்தது. கன்சாஸில் ஹோல்கம் என்ற ஊரில் ஐ.பி.பி. 1980-ல் திறந்த ஆலையில் தீ விபத்து. நாளொன்றுக்கு 6,000 மாடு வரை வெட்டும் ஆலை. அது நின்றதும் விற்க வந்த மாடு தேங்கி மாட்டு விலை இறங்கியது, பெட்டி குறைந்து இறைச்சி விலை ஏறியது. தீப்பிடித்தது ஒரு கம்பெனியின் ஆலை, ஆனால் மீதி ஆலைகள் எல்லாவற்றுக்கும் லாபம் கூடியது. டிசம்பரில் ஆலை மறுபடி ஓடத் தொடங்கியது.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. வறட்சியால் பண்ணைக்காரர்கள் தாய்ப்பசுக்களையே விற்றுவிட, 2025 தொடக்கத்தில் அமெரிக்க மாட்டுக் கணக்கு 1951-க்குப் பிறகு இல்லாத அளவுக்குக் குறைந்துவிட்டது. மாட்டு விலை உச்சத்தில், மாட்டிறைச்சிப் பிரிவில் டைசனுக்கு நஷ்டம். 2025 நவம்பரில், நெப்ராஸ்காவின் லெக்சிங்டன் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. விவசாய இயந்திரத் தொழிற்சாலை மூடி வெறிச்சோடிக் கிடந்த ஊரில், அதே கட்டடத்தை வாங்கி 1990-ல் ஐ.பி.பி. திறந்த ஆலை அது. சுமார் 11,000 பேர் வாழும் ஊரில் 3,200 வேலைகள். மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் வந்து, அந்த வேலையை நம்பியே வீடு வாங்கிக் குடியேறிய குடும்பங்கள். சுற்றுவட்டாரத்தில் மாடு வளர்ப்பவர்களுக்கோ, நல்ல விலை கிடைக்கிற இந்த நேரத்தில், விலை கேட்டு வருகிறவர்களில் ஒருவர் குறைந்துவிட்டார்.

நன்றி, வணக்கம்.