வால்பாறைக்கு நாற்பது வளைவுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் வீட்டில் ஒரே கேள்விதான்: எங்கே போகலாம்? என்னைக் கேட்டால், பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குக் காரில் போய் வாருங்கள் என்பேன். "ஊட்டி மாதிரி அங்கே பூங்கா, படகுச் சவாரி எல்லாம் உண்டா?" என்பார்கள். அந்த அளவுக்குக் கிடையாதுதான். வால்பாறையில் பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் போகிற வழியிலேயே இருக்கிறது. அதனால், சுமார் 65 கிலோமீட்டர்தானே, ஒரே மூச்சில் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

பொள்ளாச்சி தாண்டியதும் இருபுறமும் தென்னந்தோப்பு. கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை என்பவர்கள் ஆனைமலை ஊருக்குள் போய் மாசாணியம்மனைக் கும்பிடலாம். படுத்த கோலத்தில் இருக்கிற அம்மன். நியாயம் கேட்டு வருகிறவர்கள் அங்கே கல்லில் மிளகாய் அரைப்பார்கள். எங்கள் வீட்டுப் பாட்டி அதைப் பார்த்ததும் யார் யார் பெயரையோ முணுமுணுத்தார், நாங்கள் விசாரிக்கவில்லை.

அப்புறம் ஆழியாறு. அணைப் பக்கம் மீன் வறுவல் மணம் ஆளை இழுக்கும். அளவாகச் சாப்பிடுங்கள். சோதனைச் சாவடி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம், மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். பிள்ளைகள் முதலில் கூவி எண்ணுவார்கள். சத்தம் திடீரென்று அடங்கினால் ஓரமாக நிறுத்துங்கள். "கண்ணு, போனைக் கீழ வை, தூரத்து மலையைப் பாரு" என்பது பாட்டி வைத்தியம். சரியான வைத்தியம்தான். வண்டி திரும்புவது உள்காதுக்குத் தெரிகிறது, போனையே பார்க்கிற கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டுக்கும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல்.

ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. பஸ் திரும்பும்போது முழு ரோடும் அதற்கு வேண்டும், பொறுத்துப் போங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும்.

ஒன்பதாவது வளைவில் கட்டாயம் இறங்குங்கள். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுசாகத் தெரியும். அந்தப் பக்கத்துப் பாறைகளில் நமது மாநில விலங்கான வரையாடு நிற்பதைப் பார்க்கலாம். பின்னோக்கி வளைந்த கொம்பு, செங்குத்தான பாறையில் ஒட்டிவைத்த மாதிரி நாலு கால். சில நேரம் ரோட்டோரச் சுவர் மேலேயே ஏறி நின்று, நம்மைச் சட்டை செய்யாமல் அசைபோடும். போட்டோ எடுக்கலாம், சிப்ஸ் பாக்கெட்டை நீட்ட வேண்டாம்.

மேலே போகப் போகச் சோலைக்காடும் தேயிலையும் மாறி மாறி வரும். 1890-களுக்குப் பிறகு காட்டை அழித்துத்தான் இந்தத் தோட்டங்கள் வந்தன. பச்சைப் பசேல் என்று நாம் ரசிக்கிற அழகுக்கு அப்படி ஒரு கணக்கும் உண்டு. மிச்சமிருக்கிற துண்டுக் காடுகளில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மரத்தைவிட்டு அதிகம் இறங்காத பிராணி, மரங்களுக்கு நடுவே ரோடு வந்ததால் இறங்கிக் கடக்க வேண்டியதாயிற்று. வண்டியில் அடிபட்டுச் செத்தவை உண்டு. புதுத்தோட்டம் என்கிற எஸ்டேட் பக்கம் போகும்போது அண்ணாந்து பாருங்கள். ரோட்டுக்கு மேலே, பழைய தீயணைப்புக் குழாய்களால் மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குகள் குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு அதில் நடந்து போகும். என் மகள், "அதுங்களுக்கும் மேம்பாலமா!" என்றாள்.

திரும்பும்போது அதே வழி வேண்டாம் என்றால் சோலையாறு, மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி அருவி பார்த்துச் சாலக்குடியில் இறங்கலாம். நூறு கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி அடர்ந்த காடு. இருட்டிய பிறகு வண்டிகளை விடமாட்டார்கள், ஆகவே காலையிலேயே கிளம்புங்கள். காட்டுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது. வால்பாறையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.