சரணத்தைக் கேளுங்க: அரசியல் ஆவணப்படங்களில் எதிர்ப்பு ராக் பாடல்கள்

(திரை கறுப்பு. மின்கிட்டாரின் கரகரப்பு மட்டும் கேட்கிறது.)

2002 செப்டம்பர். அமெரிக்காவோட டென்னசி மாநிலத்துல, அப்போதைய ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் மேடையில நின்னு ஒரு பழமொழி சொல்ல ஆரம்பிக்கிறார். ஒரு தடவை என்னை ஏமாத்தினா உனக்கு அவமானம், ரெண்டாவது தடவையும் நான் ஏமாந்தா எனக்கு அவமானம். அப்படித்தான் அது முடியணும். பாதியிலேயே அவருக்கு மறந்துபோகுது. தடுமாறுறார். கடைசியில, மறுபடி ஏமாற முடியாதுங்கிற மாதிரி ஏதோ சொல்லி முடிச்சிடுறார்.

புஷ்ஷையும் அவரோட ஈராக் போரையும் சாடி மைக்கேல் மூர் 2004-ல எடுத்த ‘ஃபாரன்ஹீட் 9/11’ ஆவணப்படம் இந்தத் துண்டோடதான் முடியுது. இந்த ஒரு விஷயத்துலயாவது நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போறோம்னு மூரோட குரல் வரும். உடனே கிட்டார் வெடிக்கும். ராக் பாடகர் நீல் யங்கோட ‘ராக்கிங் இன் த ஃப்ரீ வேர்ல்ட்’. எழுத்துகள் ஓட ஆரம்பிக்கும்.

ஆனா அந்த இடத்துக்கு மூர் முதல்ல கேட்டது இந்தப் பாட்டு இல்ல. ‘த ஹூ’ங்கிற பிரிட்டிஷ் ராக் குழு 1971-ல வெளியிட்ட ‘வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்’. இனிமே ஏமாற மாட்டோம்னு தலைப்பு. புஷ் உளறின வரிக்கு அச்சு அசலா பொருந்துது, இல்லையா? பாட்டை எழுதின பீட் டவுன்ஷெண்ட் தர மறுத்துட்டார். மூரோட முந்தைய படம் தனக்கு நம்பிக்கை தரலைன்னு காரணம் சொன்னார். அந்த வருஷம் ஜூலையில ரெண்டு பேரும் வெளிப்படையாவே மோதிக்கிட்டாங்க.

அந்த மறுப்பு படத்துக்கு நல்லதாப் போச்சுன்னுதான் நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன்.

(திரையில்: 1971 என்ற எண். அது மெல்ல 1989 ஆகிறது.)

டவுன்ஷெண்ட் பாட்டோட கோபம் ஒரு ஜனாதிபதி மேல இல்ல, புரட்சிங்கிற வாக்குறுதி மேலயே. பழைய முதலாளி போவான், புது முதலாளி வருவான், ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு அது சொல்லுது. ஓட்டுப் போட்டு ஆளை மாத்துங்கன்னு கேக்குற ஒரு படத்துக்கு அது நேர் எதிர். பொருந்தினது தலைப்பு மட்டும்தான்.

நீல் யங் பாட்டு வந்தது 1989-ல. அப்போ ஜனாதிபதி யார்? அப்பா புஷ். 1988-ல கட்சி வேட்பாளரா நின்னு பேசினப்போ ரெண்டு விஷயம் சொன்னார். நாடு இன்னும் அன்பா, மென்மையா மாறணும்னு ஒண்ணு. ஆயிரம் ஒளிப்புள்ளிகள்னு இன்னொண்ணு, அதாவது ஊர் ஊரா தொண்டு செய்யுற அமைப்புகள். யங் அந்தச் சொற்களை அப்படியே எடுத்துத் திருப்பிப்போட்டார். அவர் பாட்டுல அந்த ஆயிரம் ஒளிப்புள்ளி வீடில்லாம தெருவில கிடக்கிறவனுக்குக் கிடைக்குது. அன்பும் மென்மையும் இயந்திரத் துப்பாக்கி பிடிச்ச கைக்குப் போகுது. இன்னொரு சரணத்துல, போதைக்கு அடிமையான ஒரு தாய் தன் குழந்தையைக் குப்பைத்தொட்டியோரம் விட்டுட்டுப் போறா.

அப்பாவைச் சாடி எழுதின பாட்டு, 15 வருஷம் கழிச்சு மகனோட போரைப் பத்தின படத்தை முடிச்சு வைக்குது. பாட்டோட வரலாறு தெரிஞ்சவங்களுக்கு அங்க ஒரு வாதமே நடக்குது, மூர் வாயைத் திறக்காமலே.

இப்போ பல்லவிக்கு வாங்க. சிக்கலே அங்கதான். சுதந்திர உலகத்துல ஆடிப்பாடிக்கிட்டே இருன்னு வரும். தனியாக் கேட்டா அது ஒரு வெற்றி முழக்கம். சரணங்கள் ஒப்பாரி, பல்லவி கொண்டாட்டம், அந்த முரண்தான் பாட்டோட உயிர். 2015 ஜூன்ல டொனால்ட் ட்ரம்ப் தேர்தல்ல நிக்கப்போறதா அறிவிச்ச நிகழ்ச்சியில இதே பாட்டுதான் ஒலிச்சது. யங் எதிர்ப்புத் தெரிவிச்சார். 2020-ல வழக்கே போட்டார். மேடையில ஒலிக்குறப்போ பல்லவி மட்டும்தான் கூட்டத்துக்குக் கேக்கும். படத்துல அப்படியில்ல. ரெண்டு மணி நேரம் போரையும் மகனை இழந்த தாயையும் பாத்துட்டு உக்காந்திருக்கோம். சுதந்திர உலகம்னு அவர் பாடுறப்போ நமக்குத் தொண்டை அடைக்குது.

இதே படத்துல எனக்கு ஒப்பாத ஒரு இடமும் இருக்கு.

(திரையில்: ஒன்றன்பின் ஒன்றாக மேலெழும் விமானங்களின் நிழலுருவங்கள்.)

2001 தாக்குதலுக்கு அப்புறம் பின்லேடன் குடும்பத்தினரும் மத்த சவூதிக்காரங்களும் அமெரிக்காவை விட்டுக் கிளம்புற பகுதி. பின்னணியில ‘தி அனிமல்ஸ்’ குழுவோட 1965 பாட்டு, ‘வீ காட்டா கெட் அவுட் ஆஃப் திஸ் ப்ளேஸ்’. இங்கிருந்து எப்படியாவது வெளியேறணும்னு தவிக்கிற பாட்டு. வியட்நாமுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்க வீரர்கள் அதைத் தங்களோட பாட்டாவே ஆக்கிக்கிட்டாங்க. இங்க அது அவசரமா ஓடித் தப்பிக்கிறவங்க பாட்டா மாறிடுது. சிரிப்பு வருது. சிரிச்ச வேகத்துல, திருட்டுத்தனமா அனுப்பிட்டாங்கன்னு மனசு முடிவும் கட்டிடுது. படம் வெளியான அடுத்த மாசம் வந்த 9/11 விசாரணை ஆணைய அறிக்கை என்ன சொல்லுச்சு தெரியுமா? பொது வான்வழி திறக்கப்படுறதுக்கு முன்னாடி அந்த மாதிரி விமானம் நாட்டை விட்டுப் போனதுக்கு ஆதாரம் கிடைக்கலைன்னு சொல்லுச்சு. விவரிப்புக் குரல் ஒரு குற்றச்சாட்டு வச்சா ஆதாரம் எங்கன்னு கேப்போம். பாட்டுகிட்ட யாரும் அப்படிக் கேக்குறதில்ல. அதனாலதான் ஆதாரம் பலவீனமா இருக்குற இடத்துல பாட்டைப் போடுற எடிட்டர் மேல எனக்கு வருத்தம் வருது.

ஈராக் காட்சிகள்ல இதுக்கு நேர்மாறா ஒண்ணு வருது. டாங்கியோட தொடர்புக் கருவியில சிடி பிளேயரைச் செருகி, ஹெல்மெட்டுக்குள்ள ராக் கேட்டுக்கிட்டே சுடுறதைப் பத்தி இளம் வீரர்கள் பேசுறாங்க. கூரை பத்தி எரியட்டும்னு வர்ற ஒரு பாட்டை ஒருத்தர் சொல்லியே காட்டுறார். அது எதிர்ப்புப் பாட்டே இல்ல. அது எடிட்டர் தேர்ந்தெடுத்ததும் இல்ல, அந்தப் பையன் தேர்ந்தெடுத்தது. படம் முழுக்க என்னை அதிகமா உலுக்கினது அந்த நிமிஷம்தான்.

பாட்டை வச்சே வாதம் பண்ற இந்த உத்தியோட பழைய வடிவத்தை, வுட்ஸ்டாக் இசைவிழாவைப் பத்தி 1970-ல வந்த ‘வுட்ஸ்டாக்’ படத்துல பாக்கலாம். பாடகர் கண்ட்ரி ஜோ மெக்டொனால்ட் கிட்டாரோட தனியா நின்னு, பிள்ளையை வியட்நாமுக்கு அனுப்பிச் சவப்பெட்டியில வாங்கிக்கோங்கன்னு பெத்தவங்களைக் குத்திப் பாடுறார். திரையில வரிகள் எழுத்தா வருது, சொல்லுக்குச் சொல் ஒரு பந்து துள்ளிக்கிட்டே போகுது. தியேட்டர்ல இருக்கிறவங்களும் சேர்ந்து பாடணுமாம்! விழா நடந்தது 1969 ஆகஸ்ட்ல, படம் வந்தப்பவும் போர் முடியல.

(திரையில்: இரண்டு காகிதங்கள் அருகருகே.)

ஒரு பாட்டை இப்படிப் படத்துல சேர்க்க ரெண்டு அனுமதி வேணும். வரிகளும் மெட்டும் யாருக்குச் சொந்தமோ அவங்ககிட்ட சிங்க் லைசென்ஸ், ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தமோ அவங்ககிட்ட மாஸ்டர் லைசென்ஸ். மாஸ்டர் கிடைக்கலைன்னா வேற பாடகரை வச்சுப் புதுசாப் பதிவு செய்யலாம். சிங்க் கிடைக்கலைன்னா அதுவும் முடியாது. அமெரிக்கச் சட்டத்துல ஃபேர் யூஸ்னு ஒரு வாசல் இருக்கு, விமர்சிக்கிறதுக்காகச் சிறு பகுதியை அனுமதியில்லாமலே எடுத்துக்கலாம். பரிணாமக் கொள்கையை எதிர்த்த ஒரு ஆவணப்படம் ஜான் லெனனோட ‘இமேஜின்’ பாட்டுல சுமார் 15 நொடி எடுத்துக்கிச்சு, மதமில்லாத உலகம்ங்கிற அவரோட கனவைக் கண்டிக்கிறதுக்காக. லெனனோட மனைவி யோகோ ஓனோ தடை கேட்டார். 2008-ல நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தடை தரல. எனக்கு லெனன் பக்கம்தான் மனசு. ஆனாலும் தீர்ப்பு சரின்னே சொல்வேன். அந்த வாசலை மூடினா முதல்ல மாட்டிக்கிறது அதிகாரத்தைக் கேள்வி கேக்குற படங்கள்தான்.

கடைசியா நீல் யங் தானே இயக்கின ஒரு படம், 2008-ல வந்த ‘சிஎஸ்என்ஒய்: தேஜா வூ’. 2006-ல ஈராக் போரை எதிர்த்துப் பாட்டெழுதி, பழைய குழு நண்பர்கள் க்ராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூணு பேரோட ஊர் ஊராப் போறார் (நாலு பேர் பேரோட முதல் எழுத்துகள்தான் சிஎஸ்என்ஒய்). ஈராக்ல படைகளோட இருந்து செய்தி அனுப்பின நிருபர் மைக் செர்ரி கூடவே போறார். அட்லாண்டாவுல, ஜனாதிபதியைப் பதவிநீக்கம் செய்யச் சொல்ற பாட்டு ஆரம்பிச்சதும் அரங்கத்துல கூச்சல். ஒரு பக்கம் கைதட்டல், இன்னொரு பக்கம் ஆட்கள் எழுந்து வெளியேறுறாங்க. யங் அதை வெட்டித் தூக்கி எறியல. கேமரா மேடையை விட்டுட்டு அவங்க பின்னாடியே வாசல் வரைக்கும் போகுது. காசு கொடுத்துப் பழைய பாட்டு கேக்க வந்தவங்க, கோபத்தோட, தங்கள் பக்கத்தைச் சொல்றாங்க. உள்ள பாட்டு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.