சுருக்குப்பையில் இருந்த சிவப்பு மாத்திரைகள்

(மன்னார்குடியில் காசநோய் பற்றி ஊர் மக்களிடையே ஒரு மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வடுவூர் தாண்டி வரும்போது சாலையோரம் நெல் காயப் போட்டிருந்தார்கள். தூற்றுகிற தூசிக்குள் நின்று இரண்டு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். அறுப்புக் காலத்தில் நம் பக்கம் இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "தூசிதான்" என்று விட்டுவிடுவோம். காசநோய் மாதக்கணக்கில் ஒளிந்திருக்க அந்த ஒரு சொல் போதும்.

பல வருஷங்களுக்கு முன்னால், நடவு வேலைக்குப் போகிற ஒரு அம்மா என்னிடம் சிகிச்சையில் இருந்தார். அப்போது மாத்திரைகள் அட்டையில் தனித்தனியாக வரும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து. அடுத்த நான்கு மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் என்று இரண்டு. எல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் இருமல் திரும்பி வந்துவிட்டது. துருவித் துருவிக் கேட்டேன். இடுப்பிலிருந்த வெற்றிலைச் சுருக்குப்பையை எடுத்து மேசையில் கவிழ்த்தார். சுண்ணாம்பு ஒட்டிய சிவப்புக் கேப்சூல்கள், ஒரு கை நிறைய!

"இதத் தின்னா ஒண்ணுக்கு ரெத்தமா போவுது டாக்டரய்யா. ரெண்டு மாசம் பயந்துகிட்டே தின்னேன். அப்புறம் இத மட்டும் வச்சிட்டேன். மத்தத ஒரு நாளும் விடல."

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் சிவந்து போகும். அது ரத்தமில்லை, மருந்தின் நிறம். முதல் நாளே இதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

ஒரு மாத்திரையை விட்டால் என்ன ஆகும்? கணக்கைப் பாருங்கள். காசநோய் அரித்த நுரையீரல் குழி ஒன்றில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். அவற்றில் ஏறக்குறைய பத்து லட்சத்துக்கு ஒன்று, ஐசோநியாசிட்டுக்கு அடங்காமலே பிறக்கிறது. அப்படியானால் அந்தக் குழிக்குள் நூறு இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடிக்கு ஒன்று. இரண்டுக்குமே அடங்காதது? பெருக்கினால் கோடி கோடியில் ஒன்று வரும். அத்தனை கிருமி ஒரு உடம்பில் இருப்பதில்லை. வரப்பில் எலி பிடிக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான்: வளைக்கு ஒரு வாய் மட்டும் இருக்காது, எல்லா வாயையும் அடைத்துவிட்டுத்தான் புகை போடுவார்கள்.

அந்த அம்மாவின் உடம்பில் நடந்தது இதுதான். சிவப்பு நின்றதும் ஐசோநியாசிட் தனி ஆளாக நின்றது. அதற்கு அடங்காதவை பெருகின. மறுபடி சிகிச்சை தொடங்கியபோது சிவப்பு மாத்திரைக்கு வலுவான துணை இல்லை, அதையும் கிருமி மீறிவிட்டது. பிறகு இரண்டு வருஷச் சிகிச்சை, மாதக்கணக்கில் ஊசி. உயிர் பிழைத்தார். ஊசி காதைக் கெடுத்துவிட்டது. இன்றும் அவரிடம் பேச வேண்டுமானால் எதிரே நின்று உதடு தெரியப் பேச வேண்டும்.

உலகமும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1947-ல் இங்கிலாந்தில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் நன்றாகக் கேட்டது. சில மாதங்களில் பலரிடம் கிருமி அதை மீறியது. பி.ஏ.எஸ். என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்த பிறகே அது கட்டுக்குள் வந்தது. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு நமக்கெல்லாம் பெருமை. ஐசோநியாசிட்டும் பி.ஏ.எஸ்ஸும் சேர்த்துக் கொடுத்தபோது, நெருக்கடியான வீட்டில் அரை வயிற்றுச் சாப்பாட்டோடு இருந்த ஏழைகளும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே குணமானார்கள்.

சேர்த்துக் கொடுப்பது என்றவுடன் எல்லாவற்றையும் சேர்த்துவிடக் கூடாது. பொருந்தாத மருந்துகளை ஒரே மாத்திரையில் திணித்து விற்ற 328 கலவைகளை மத்திய அரசு 2018-ல் தடை செய்தது. "ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று மெடிக்கலில் வாங்கும் ஆன்டிபயாட்டிக் சளிக்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. உடம்பில் இருக்கும் மற்ற கிருமிகளுக்குத்தான் மருந்தை மீற அது பயிற்சி கொடுக்கும்.

இன்னொன்று, இது சேற்றில் இறங்குகிறவர்களுக்கு. மெலியாய்டோசிஸ் என்று ஒரு நோய். அதன் கிருமி நெல் விளையும் ஈரமண்ணில் வாழ்வது. சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும். எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே தெரியும், ஆனால் காசநோய் மாத்திரைக்குக் கேட்காது. முதலில் ஊசி, பிறகு குறைந்தது மூன்று மாதம் கோ-டிரைமாக்சசோல் சாப்பிட வேண்டும். அதுவும் இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரைதான்.

இப்போது காசநோய்க்கு நான்கு மருந்தும் ஒரே மாத்திரையில் வருகின்றன. நினைத்தாலும் ஒன்றைப் பிரித்து ஒதுக்க முடியாது. மருந்தை மீறிய காசநோய்க்கும் பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினிசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சையை 2024-ல் அரசு ஏற்றிருக்கிறது. ஊசியே இல்லை. அந்த அம்மாவுக்கு இது கிடைத்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை எனக்கு.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர்கள் வெளியே மேசையில் உள்ள டப்பாவை வாங்கிக்கொண்டு போங்கள். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்து இருமுங்கள். எச்சில் வேண்டாம், நெஞ்சிலிருந்து வரும் சளி வேண்டும். மூடியை இறுக்கி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள். காசு வாங்க மாட்டார்கள்.